யூவி ஃபில்டரைக் கழட்டிப் பையில் வைங்க தம்பி

போன வாரம் ஒரு தம்பி ஸ்டூடியோவுக்கு வந்தார். புதுக் கேமரா. பின்னால் திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை, ஆனால் லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் (புறஊதா ஒளியைத் தடுக்கிற தட்டைக் கண்ணாடி) திருகியாகிவிட்டது. கடைக்காரர் மெமரி கார்டை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னாலேயே "இது இல்லாம வெளிய எடுத்துட்டுப் போகாதீங்க, கீறல் விழுந்தா லென்ஸ் போச்சு" என்று சொல்லி மாட்டிவிட்டாராம். 450 ரூபாய். "இது தேவையாண்ணே?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். நான் பேசிப் பேசி அவர் டீயை ஆற வைத்துவிட்டேன். அன்றைக்குப் பேசியதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

மதுரையில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று பதினெட்டு வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஏழெட்டு வருஷம் நானும் ஃபில்டர் கட்சிதான், லென்ஸ் வாங்கினால் அதே பில்லில் ஃபில்டரும் இருக்கும். இப்போது என் கட்சி வேறு. இருபத்திநாலு மணி நேரமும் மாட்டியே வைத்திருக்கும் ஃபில்டர் லென்ஸைக் காப்பாற்றியதைவிடப் படத்தைக் கெடுத்ததுதான் அதிகம். ஹூட்டை (லென்ஸ் முனையில் மாட்டுகிற மறைப்பு வளையம்) போடுங்கள், ஃபில்டரைப் பையில் வைத்திருங்கள், வேண்டிய இடத்தில் மாட்டி வேலை முடிந்ததும் கழட்டுங்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஃபிலிம் காலத்து ஆள். அவர் ஃபில்டர் போட்டதில் நியாயம் இருந்தது. கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இடத்தில் புறஊதா ஒளி கீழே இருப்பதைவிடக் கூடுதல். நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஃபிலிமில் பூசிய மருந்து அதையும் வாங்கிக்கொள்ளும். கலர் ஃபிலிமில் அது நீலமாக இறங்கி, தூரத்து மலையெல்லாம் நீலம் பாரித்துப்போய் மங்கலாக நிற்கும். யூவியோ, லேசாக ரோஸ் சாயம் ஏற்றிய ஸ்கைலைட்டோ போட்டால் கொஞ்சம் தெளியும். டிஜிட்டலில் கதை மாறிவிட்டது. படம் பதிகிற சென்சாருக்கு முன்னால் புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கிற கண்ணாடியைக் கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். லென்ஸுக்குள் அடுக்கியிருக்கிற கண்ணாடிகளும் தம் பங்குக்கு விழுங்கிவிடும். ஆக யூவி ஃபில்டருக்கு அதன் சொந்த வேலையே மிச்சமில்லை. ரிடையர் ஆனவரை அதே ஆபீஸ் வாசலில் வாட்ச்மேனாக உட்கார வைத்த மாதிரி, "பாதுகாப்பு" என்று ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறோம். (கொடைக்கானல் மூட்டம் யூவி போட்டால் போய்விடும் என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. டிஜிட்டலில் நீங்கள் பார்க்கும் மூட்டம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியிலேயே இருக்கிறது. யூவி அதை ஒன்றும் செய்யாது. சில கோணத்தில் போலரைசர் என்கிற வேறு வகை ஃபில்டர் கொஞ்சம் உதவும்.)

சரி, வாட்ச்மேன் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு கல்யாணம் வரைக்கும்.

விடியற்காலை முகூர்த்தம். மணவறையில் இரண்டு பக்கமும் ஆளுயரக் குத்துவிளக்கு, ஐந்து முகமும் ஏற்றியிருக்கிறது, பின்னால் சீரியல் செட். தாலி கட்டும் நேரத்தில் ஒரே ஒரு நல்ல கோணம் கிடைத்து எடுத்தேன். கேமராத் திரையில் பார்த்தபோது பிரமாதம். ஆல்பத்தில் இரண்டு பக்கம் விரித்துப் போட்ட பிறகு பெண்ணின் அப்பா விரலை வைத்துக் கேட்டார், "என்ன தம்பி இது, பாப்பா கன்னத்துல பச்சையா?" உற்றுப் பார்த்தால் பச்சையாக ஐந்து சின்னப் புள்ளி, தலைகீழாக. இடது ஓரத்தில் கீழே எரிகிற விளக்கு, வலது பக்கம் மேலே பெண்ணின் கன்னத்தில் கவிழ்ந்து எரிந்துகொண்டிருந்தது.

முதலில் லென்ஸ் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே வந்த விளக்கொளியில் கொஞ்சம் பளபளப்பான சென்சாரில் பட்டுத் திரும்பி, வந்த வழியே வெளியே கிளம்புகிறது. முன்னால் ஃபில்டர் இல்லையென்றால் பெரும்பாலும் அப்படியே போய்விடும். லென்ஸின் முன் கண்ணாடி வளைவாக இருப்பதால் அதில் பட்டுத் திரும்புவதும் கலைந்து பரவிவிடும். ஃபில்டர் அப்படியில்லை, தட்டையானது, சென்சாருக்கு நேராக நிற்பது. முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒளியைத் திரும்ப உள்ளே அனுப்ப, அது ஃபோகஸ் கலையாமல் இரண்டாவது விளக்காக விழுகிறது, படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், தலைகீழாக. ஒளி திரும்புவதைக் குறைக்கிற பூச்சு இல்லாத கண்ணாடியில் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் 4 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 8. நான் போட்டிருந்ததும் அந்த ரகம்தான்.

நம்பாதவர்கள் இன்று ராத்திரி வீட்டிலேயே பார்க்கலாம். லைட்டை அணைத்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். சுடர் படத்தின் ஒரு மூலையில் வருகிற மாதிரி ஃபில்டரோடு ஒன்று, கழட்டிவிட்டு ஒன்று எடுங்கள். எதிர் மூலையை மட்டும் பாருங்கள்.

அந்தக் கன்னத்தைச் சரிசெய்ய ஆல்பம் டிசைன் பண்ணுகிற தம்பி அரை நாள் உட்கார்ந்தார். கற்பூர ஆரத்தி, தெப்பத் திருவிழா, ரிசப்ஷன் மேடை என்று நம் தொழிலில் பாதி இருட்டும் விளக்கும்தானே.

அடுத்து வரும் வாதம் எனக்குத் தெரியும். "அண்ணே, என் லென்ஸ் கீழ விழுந்துச்சு, ஃபில்டர் தூள் தூளாப் போச்சு, லென்ஸுக்கு ஒண்ணும் ஆகல. ஃபில்டர்தான் காப்பாத்துச்சு." தேங்காய் விழுந்து கூரை ஓடு உடைந்தது, அதனால்தான் கீழே இருந்த ஆட்டுக்கல் தப்பித்தது என்று சொல்கிற மாதிரி இது. ஃபில்டர் கண்ணாடி ஒன்று இரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும், லேசான இடிக்கே உடையும். லென்ஸின் முன் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தடித்தது, வளையத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பது. ஃபில்டரை உடைத்த அடி லென்ஸை உடைத்திருக்கும் என்பதற்கு ஃபில்டர் உடைந்தது சாட்சியாகாது. அதோடு, உடைந்த துண்டு எங்கே போகும்? பாதி முன் கண்ணாடி மேல்தான் விழும். என் 18-55 லென்ஸில் இருக்கும் ஒரே கீறல் அப்படி வந்ததுதான். ஒரு காதுகுத்து விசேஷத்தில் நாற்காலி முனையில் இடித்து, ஃபில்டர் நொறுங்கி, சில்லு உள்ளே உரசி, அதற்கு மேல் வளையம் நெளிந்து மரையோடு மரை கடித்துக்கொண்டது. ரப்பர் பேண்ட் சுற்றித் திருகினேன், ஃபில்டர் கழட்டும் சாவி வாங்கித் திருகினேன், கடைசியில் சர்வீஸ்காரர் "விடுங்க சார், இன்னும் முறுக்கினா லென்ஸ் மூஞ்சியோட வந்துரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கீறல் படத்தில் தெரிகிறதா என்றால், இல்லை. முன் கண்ணாடி ஃபோகஸில் வருவதே கிடையாது. வைடு லென்ஸில், எஃப் 16 மாதிரிச் சின்னத் துளையில், எதிர் வெயிலில் எடுத்தால் லேசாக ஒரு மங்கல் வரலாம், அவ்வளவுதான். பின் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பயப்படுங்கள், ஆனால் அங்கே ஃபில்டர் போட முடியாதே. நிக்கானின் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸான 14-24 எஃப் 2.8 முன்னால் தவளைக் கண் மாதிரிப் புடைத்து நிற்கும், திருகுகிற ஃபில்டர் எதுவும் அதில் ஏறாது, அதை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஹூட் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கோபமே. லென்ஸுக்குப் பொருத்தமான ஹூட் இடியை வாங்கிக்கொள்ளும், பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும், கூட்டத்தில் குழந்தைகளின் விரல் கண்ணாடியில் படாமல் தள்ளி நிறுத்தும். படத்துக்கும் நல்லது, லென்ஸுக்கும் நல்லது. நம் பசங்கள் அதைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸ் மேலேயே குல்லா மாதிரி மாட்டிக்கொண்டு கல்யாணம் முழுக்க எடுக்கிறார்கள், முன்னால் 450 ரூபாய் ஃபில்டர்!

அப்புறம், நானும் ஃபில்டர் போடுகிற இடங்கள் உண்டு. சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக்குள் நின்று பாருங்கள். ஆட்டுத்தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முனையைச் சுருக்கிப் பிடித்து, பீய்ச்சுகிறார்கள் பாருங்கள், தண்ணீர் எந்தத் திசையில் வரும் என்று சாமிக்கே தெரியாது. புழுதியும் தண்ணீரும் சேர்ந்து கண்ணாடியில் சேறாக உட்கார்ந்துவிடும். அங்கே நின்று ஊதி, பிரஷ் போட்டு, மைக்ரோஃபைபர் துணி தேடி முறையாகத் துடைக்க யாருக்கு நேரம்? தோளில் கிடக்கும் துண்டால் ஒரு இழு இழுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போக வேண்டும். மண்ணோடு துடைத்தால் பூச்சு போகும், அந்தப் பூச்சு ஃபில்டருடையதாக இருக்கட்டும். தனுஷ்கோடியில் உப்புக் காற்றும் மணலும் சேர்ந்து அடிக்கும்போதும் இதேதான். பட்டறையில் கிரைண்டர் பொறி பறக்கிற இடத்தில் எடுத்தால் கட்டாயம் போடுவேன், சூடான பொறி கண்ணாடியில் பட்டால் அப்படியே பதிந்துவிடும். கேனானின் 17-40 எஃப் 4, 16-35 எஃப் 4 மாதிரிச் சில லென்ஸ்களில் ஃபில்டர் போட்டால்தான் தூசி, தண்ணீர்த் தடுப்பு முழுமையாகும் என்று கேனானே சொல்கிறது. அந்த லென்ஸோடு மழையில் இறங்குகிறவர்கள் அதன்படி செய்யுங்கள்.

போடுவதென்றால் இரண்டு பக்கமும் மல்டி கோட்டிங் (பல அடுக்குப் பூச்சு) உள்ளதை வாங்குங்கள். என் 70-200 லென்ஸுக்கு 77 எம்எம் விட்டத்தில் ஒரே ஒரு நல்ல ஃபில்டர் இருக்கிறது, பித்தளை வளையம், அலுமினியம் மாதிரிச் சட்டென்று மரையில் கடித்துக்கொள்ளாது. தூரத்தை இழுத்துக் காட்டுகிற டெலிஃபோட்டோவில் மட்டமான ஃபில்டர் போட்டால் கண்ணாடி சமமாக இல்லாததால் படமே லேசாகக் கலங்கும், ஃபோகஸ் போகவில்லை என்று கேமராவைத் திட்டுவீர்கள். அதே சமயம் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிற 50 எம்எம் எஃப் 1.8க்கு இரண்டாயிரம் ரூபாய் ஃபில்டர் போடுவதற்கு நான் கணக்குச் சொல்ல மாட்டேன், நீங்களே போட்டுப் பாருங்கள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த 18-55 இருக்காண்ணே?" என்றார். பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினேன். கண்ணாடி இல்லாத வளையம் இன்னும் அதிலேயே இருக்கிறது. நெளிந்துபோனதால் மூடி உட்காராது, யாரோ கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். கட்டை விரலை வைத்து ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு தன் கேமராவை எடுத்து 450 ரூபாய் ஃபில்டரைத் திருகினார். ஒரு சுற்றில் கழன்று வந்தது, புதுசுதானே.