'பேப்பர் இல்லாத பறவை'ன்னு சொன்னவங்களுக்கு

நம்ம குரூப்ல விஜயவாடா புறா ரேஸ் ரிசல்ட்டுக்கு கீழ, ஜெயிச்ச வியாசர்பாடி பையனோட புறாவைப் பத்தி வந்த அந்த கமெண்ட்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க. "பேப்பரே இல்லாத பறவை, காத்து சாதகமா இருந்துச்சு, வந்துடுச்சு"ன்னு. பேப்பர்னா வம்சத்துக்கான சான்றிதழ். அதைப் படிச்சதுலேருந்து மனசே சரியில்ல.

காத்து அந்த வியாசர்பாடி பையன் பறவைக்கு மட்டுமா அடிச்சுது? கூடையில போய் விஜயவாடாவுல திறந்துவிட்ட எல்லா ஹோமருக்கும், அதாவது வீடு தேடி வர்ற பந்தயப் புறாவுக்கும், அதே காத்து, அதே வெயில், ரயில்ல போனா 430 கிலோமீட்டர் வர்ற தூரம். அவன் பறவை முதல்ல வந்துச்சுன்னா காரணம் அவன் குடுத்த டிரெய்னிங். இதை ஒத்துக்க ஏன் இவ்ளோ கஷ்டம்?

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல அவன் கூடையோட போறதை நான் கண்ணால பார்த்திருக்கேன். முதல்ல மீஞ்சூர், அப்புறம் கும்மிடிப்பூண்டி, அது பழகினதும் சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை, நெல்லூர்னு தூரத்தை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி டாஸ் விட்டான், அதாவது அங்கேருந்து திறந்துவிட்டு வீட்டுக்குப் பறக்கப் பழக்கினான். திரும்பி வந்த ஒவ்வொண்ணையும் கையில எடுத்து நெஞ்சு சதையை அழுத்திப் பார்ப்பான், சதை இறங்கியிருந்தா அடுத்த டாஸுக்கு அனுப்பமாட்டான், கூண்டுலயே வச்சு மக்காச்சோளம், பட்டாணி போட்டு தேத்துவான். எங்கப்பாவும் இப்படித்தான், ஹார்பர்ல நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து தூங்காம மொட்டை மாடியில நின்னு வடக்கால வானத்தையே பார்த்துட்டு இருப்பாரு. அவருகிட்ட இருந்ததும் யாரோ சும்மா குடுத்த ஜோடியோட குஞ்சுங்கதான்.

"அப்போ பிளட்லைனே, வம்சமே வேணாமா, பெல்ஜியத்து நியூ கிம்ங்கற புறா 2020-ல 16 லட்சம் யூரோவுக்கு போச்சே"ன்னு வருவீங்க. போச்சு. அந்தப் பொட்டை 2018-ல பறந்து ஜெயிச்சுதே, அதுக்கப்புறம்தானே அந்த விலை? இன்னொருத்தர் அரபுக் குதிரையை இழுக்கறாரு. எண்டுரன்ஸ்ங்கற நீண்ட தூரக் குதிரை ஓட்டத்துல அரபு ரத்தம்தான் முன்னால நிக்குது, மறுக்கலை. ஆனா 160 கிலோமீட்டர் ஓட்டத்துல நடுநடுவுல நிறுத்தி டாக்டர் பார்க்கறப்போ நாடி நிமிஷத்துக்கு 64-க்கு இறங்கலைன்னா எவ்ளோ பெரிய வம்சமா இருந்தாலும் வெளியதான். அந்த நாடி சீக்கிரம் இறங்கணும்னா வருஷக்கணக்கா பொறுமையா தூரம் ஏத்தியிருக்கணும். திரும்பவும் சொல்றேன், டிரெய்னிங்தான்.

"பறவையைத்தான் சொன்னேன், ஆளைச் சொல்லலை"ன்னு ஒரு அண்ணன் இன்பாக்ஸ்ல வந்தாரு. அண்ணே, கால்ல இம்போர்ட்டட் ரிங் போட்ட வெளிநாட்டுப் பறவை வரலைன்னா 'வல்லூறு அடிச்சிருக்கும், பாவம்'னு சொல்றீங்க, எங்க ஏரியா பறவை ஜெயிச்சா மட்டும் பேப்பர் கேக்கறீங்க. இது பறவையோட வம்சத்தைப் பத்தின கேள்வின்னு நான் எப்படி நம்பறது? எங்கப்பா இதையே கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போய்தான் கூண்டைப் பிரிச்சாரு. இந்தப் பையன் பிரிக்கக் கூடாது.

அந்த கமெண்ட்டை எடுங்க. எடுத்துட்டு அவன் பேரைப் போட்டு ஒரு வாழ்த்து சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அந்த குரூப்ல பேசப்போறதில்ல.