பங்காளிக்குத் தள்ளுபடி இல்லை

(சனிக்கிழமை காலை, காரைக்குடி. சென்னையிலிருந்து வந்திறங்கிய சொக்கலிங்கம் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து பட்டியலை விரிக்கிறார். பட்டியல் போட்டு ஊர் சுற்றுபவர்களை ஆட்டோ வேலுவுக்கு ரொம்பப் பிடிக்கும்.)

சொக்கலிங்கம்: தம்பி, முதலில் புதுக்கோட்டை மியூசியம்.

வேலு: திருக்கோகர்ணம்தானே, போகலாம் அண்ணே. வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம்.

சொக்கலிங்கம்: ஏன் வெளியே?

வேலு: இன்றைக்கு இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை. நேற்று வந்திருந்தாலும் இதே கதைதான், வெள்ளிக்கிழமையும் திறக்க மாட்டார்கள். 1910-இல் ஆரம்பித்தது, எங்கேயும் போய்விடாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு வீடு பாருங்கள்.

(ஆட்டோ ஒரு பெரிய வீட்டின் முன் நிற்கிறது.)

வேலு: ஆளுக்கு 50 ரூபாய். முகப்பு, சுற்றி அறைகள் உள்ள முற்றமான வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் சுற்றிக் காட்டுவார்கள். தூண் அத்தனையும் பர்மாத் தேக்கு. சுவரைத் தடவிப் பாருங்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, சித்திரை வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, ஒவ்வொன்றும் கையால் செய்வது. நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும்.

சொக்கலிங்கம்: தெரியும்.

வேலு: எங்கேயாவது படித்தீர்களா?

சொக்கலிங்கம்: உருண்டு புரண்டேன். எங்கள் ஐயா கட்டிய வீடு இது.

வேலு: அட! அப்படியானால் உங்களுக்கு... அதே 50 ரூபாய்தான் அண்ணே. பங்காளிகளுக்குத் தள்ளுபடி கொடுத்தால் டிக்கெட் வாங்க ஆளே மிஞ்சாது என்றுவிட்டார்கள்.

சொக்கலிங்கம்: எனக்கு இதில் பங்கு இருக்கிறது தம்பி! 64-இல் ஒரு பங்கு.

வேலு: ஒரு தூணும் நாலு ஓடும் தேறும். தங்குவதாவது இங்கேதானே?

சொக்கலிங்கம்: ஹோட்டலில். வளவில் மூன்றாவது அறை எங்களுடையது. சாவி பினாங்கில் பெரியப்பா மகனிடம் இருக்கிறது.

(50 ரூபாய் கொடுத்து, செருப்பைக் கழற்றி, தன் வீட்டை விருந்தாளியாகப் பார்த்துவிட்டு வருகிறார். அடுத்தது முனீஸ்வரன் கோயில் தெரு, பழைய சாமான் கடைகள். எனாமல் தட்டு, மரவை, பித்தளைத் தூக்கு என்று வாசல்வரை குவியல்.)

சொக்கலிங்கம்: தம்பி, இந்தத் தூக்கின் கழுத்தைப் பார். மு.சொ.அ. என்று வெட்டியிருக்கிறது. எங்கள் வீட்டு விலாசம், குடும்பப் பெயர்களின் முதலெழுத்து!

வேலு: மெதுவாகப் பேசுங்கள் அண்ணே! சொந்தக்காரர் என்று தெரிந்தால் விலையை இரண்டு மடங்காக்கிவிடுவார். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சொக்கலிங்கம்: இப்படியா?

வேலு: ஐயோ, அது அழுகிற முகம். நீங்கள் ஆட்டோவில் போய் உட்காருங்கள், நான் வாங்கி வருகிறேன்.

(தூக்கு கைக்கு வருகிறது. மணி ஒன்று. ஒரு மெஸ்.)

சொக்கலிங்கம்: செட்டிநாடு சிக்கன் இருக்குமா?

வேலு: அதெல்லாம் உங்கள் சென்னையில் கிடைக்கும். இங்கே உப்புக்கறி சொல்லுங்கள். வரமிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிரட்டியது. அப்புறம் கவுனி அரிசி. அதுவும் பர்மாவிலிருந்து உங்கள் செட்டியார் ஆட்களோடு கப்பலேறி வந்ததுதான்.

(இலை போடுகிறார்கள். அடுத்த கால் மணி நேரம் பேச்சில்லை. உப்புக்கறியின் முன்னால் பேசுகிறவர்களை நம்பக் கூடாது.)

சொக்கலிங்கம்: அப்படியே எங்கள் அப்பத்தா வீட்டுக் கைப்பக்குவம்!

வேலு: இருக்காதா பின்னே? இந்த மெஸ் அம்மாவின் அப்பாதான் உங்கள் வீட்டில் முப்பது வருஷம் சமையல். யார் வந்திருக்கிறார் என்று சொல்லட்டுமா? பில்லில் கொஞ்சம் குறைப்பார்.

சொக்கலிங்கம்: வாயைத் திறக்காதே! ஐயா காலத்துச் சம்பளப் பாக்கி ஏதாவது இருந்து தொலைக்கப் போகிறது. முழுப் பில்லையே கொண்டுவரச் சொல்.