பெப்ரவரி 25 என்று படம் போட்டவர்களுக்கு

2025 ஏப்ரல் 28 கனடாத் தேர்தல் இரவிலிருந்து அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2025 பெப்ரவரி 25 இல் 2.3 மில்லியன் டொலர் எம்.பி. பென்சனுக்குத் தகுதி வரும்வரை சிங் பிரதமர் ட்ரூடோவின் லிபரல் அரசைத் தாங்கிப்பிடித்தார் என்பதுதான் அதன் கதை. அப்போதைய என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) தலைவர் ஜக்மீத் சிங் மேடையில் கண் கலங்கி நிற்கிறார். மேலே பென்சன் கிடைத்துவிட்டது, பிறகென்ன அழுகை என்று தமிழில் எழுத்து, கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். பகிர்ந்தவர்களில் பலர் நான் மதிக்கிறவர்கள். முகம் தெரியாதவர்கள் போட்டிருந்தால் கடந்து போயிருப்பேன்.

சிங்கைத் திட்டாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. 2021 இல் 25 ஆசனம் எடுத்த கட்சி இந்தத் தேர்தலில் 7 க்கு வந்தது. வாக்கு 17.8 வீதத்திலிருந்து 6.3 வீதத்துக்கு விழுந்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியாக இருக்க 12 ஆசனம் வேண்டும், அந்தத் தகுதியும் போய்விட்டது. தான் போட்டியிட்ட பேர்னபி சென்ரல் தொகுதியில் அவர் மூன்றாம் இடம். தலைவர் என்ற முறையில் இதற்கெல்லாம் அவர்தான் பொறுப்பு, அன்றிரவே பதவி விலகுவதாகச் சொல்லியும் விட்டார். இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் பென்சனுக்காக அரசைக் காப்பாற்றினார் என்பதை எழுதாதீர்கள். அந்தக் கதை கணக்கில் நிற்காது.

முதலில் பென்சன் என்னவென்று பார்ப்போம். கனடா எம்.பி. ஒருவருக்கு ஓய்வூதியம் வர 6 ஆண்டு சேவை வேண்டும். சிங் பேர்னபி சவுத் இடைத்தேர்தலில் வென்றது 2019 பெப்ரவரி 25. அதனால் 2025 பெப்ரவரி 25 என்ற திகதி. இதுவரை சரி. அதற்குப் பிறகு படம் போட்டவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். 2016 க்குப் பிந்திய சேவைக்கு முழு ஓய்வூதியம் 65 வயதில்தான். 55 இல் வேண்டுமென்றால் குறைத்த தொகை. சிங் 1979 இல் பிறந்தவர், 65 வயது வருவது 2044 இல். ஒரு வருடச் சேவைக்கு, சம்பளம் கூடிய ஐந்து ஆண்டுகளின் சராசரியில் 3 வீதம். ஆறு வருடத்துக்கு 18 வீதம். கட்சித் தலைவருக்கான மேலதிகப் படியையும் சேர்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 45,000 டொலர் வரும். அந்த 2.3 மில்லியன் என்பது, நீண்ட ஆயுள் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, விலைவாசியோடு ஏறப்போகும் எதிர்காலத் தொகைகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிய கணக்கு. எந்த வங்கிக் கணக்கிலும் பெப்ரவரி 26 காலையில் 2.3 மில்லியன் விழவில்லை.

அதோடு இந்தத் திட்டத்தின் செலவில் ஏறத்தாழப் பாதியை எம்.பி.க்களே தங்கள் சம்பளத்திலிருந்து கட்டுகிறார்கள். ஆறு வருடம் நிரம்பாமல் போனால் கட்டின காசு வட்டியோடு திரும்பி வரும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "தேர்தலை ஒரு கிழமை தள்ளிப் போட்டதும் பென்சனுக்குத்தானே" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது சி-65 சட்டமூலம். 2025 ஒக்ரோபர் 20 இல் இருந்த தேர்தல் நாளை ஒக்ரோபர் 27 க்கு மாற்றப் பார்த்தது, தீபாவளி வருகிறது என்று காரணம் சொன்னார்கள். அதனால் நன்மை அடைந்திருக்கக் கூடியவர்கள் 2019 ஒக்ரோபர் 21 பொதுத் தேர்தலில் முதல்முறை வென்றவர்கள். அவர்களில் கொன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள்தான் அதிகம். சிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அவருடைய திகதி எட்டு மாதம் முந்தியது. திகதியைத் திரும்ப ஒக்ரோபர் 20 க்கே கொண்டுவர முயன்றதும் என்.டி.பி.தான். கடைசியில் சட்டமூலமே செத்துப்போனது. இரண்டு வேறு விசயங்களை ஒரே படத்தில் ஒட்டி, அதை ஆதாரம் என்று அனுப்புகிறார்கள்.

இனி வாக்கெடுப்பு. இதைத்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

2024 செப்ரெம்பர் 4 சிங், சிறுபான்மை லிபரல் அரசுக்கு ஆதரவு தரும் உடன்பாட்டை முறித்தார். செப்ரெம்பர் 25 கொன்சர்வேட்டிவ் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. முடிவு: ஆதரவு 120, எதிர்ப்பு 211. அன்று கியூபெக் கட்சியான புளொக்கும் அரசுக்கு ஆதரவாகத்தான் வாக்களித்தது. என்.டி.பி.யின் 25 பேரும் அந்தப் பக்கம் போயிருந்தால்? 145 க்கு 186. அரசு விழுந்திருக்காது. ஒக்ரோபர் 1 அடுத்த தீர்மானம், 121 க்கு 207. அதிலும் அதே கதை. செப்ரெம்பரில் சிங் ட்ரூடோவைக் காப்பாற்றினார் என்று எழுதுகிறவர்கள் புளொக்கின் முப்பதுக்கு மேற்பட்ட ஆட்களை எங்கே வைத்துவிட்டு எழுதுகிறார்கள்? புளொக் தலைவர் பிளான்சேயின் பென்சனைப் பற்றி ஒரு தமிழ்ப் பதிவாவது பார்த்தீர்களா?

டிசெம்பர் 9 வேறு. அதை நான் மறைக்கப் போவதில்லை. அன்று புளொக் கொன்சர்வேட்டிவோடு சேர்ந்தது. சிங்கின் சொந்த வார்த்தைகளையே தீர்மானத்தில் எழுதிக் கொண்டுவந்தார்கள், தான் சொன்னதற்கு எதிராகவே அவர் வாக்களிக்க வேண்டிய நிலை. 152 க்கு 180. அன்று என்.டி.பி. மாறியிருந்தால் 177 க்கு 155 ஆகி அரசு போயிருக்கும். பிரச்சாரக் காலம் குறைந்தது 37 நாள், கூடினால் 51 நாள். அப்படியானால் தேர்தல் ஜனவரியில், அதாவது பெப்ரவரி 25 க்கு முன்னால். மொத்தப் பென்சன் குற்றச்சாட்டும் நிற்கக்கூடிய இடம் ஒன்று என்றால் அது இந்த டிசெம்பர்தான்.

அந்த இடத்திலும் அது நிற்கவில்லை. ஜனவரியில் தேர்தல் வந்து, அவர் தன் தொகுதியில் தோற்றால் மட்டும்தான் பென்சன் போகும். வென்றால் சேவை தொடரும், பெப்ரவரி 25 தானாக வந்து சேரும். 2021 இல் பேர்னபி சவுத்தில் ஏறத்தாழப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் வென்றவர் அவர். டிசெம்பரில் கருத்துக்கணிப்புகளில் என்.டி.பி. லிபரலுக்கு வெகு அருகில் நின்றது. கட்சி சரிந்தது அதன் பிறகு: ட்ரூடோ போனார், லிபரல் தலைவராகவும் பிரதமராகவும் கார்னி வந்தார், கனடாவை 51 ஆவது மாநிலமாக்கும் ட்ரம்பின் பேச்சு சூடுபிடித்தது, இடதுசாரி வாக்கு கூட்டத்தோடு லிபரலுக்குப் போனது. டிசெம்பரிலேயே தேர்தலுக்குப் போயிருந்தால் அவர் தன் ஆசனத்தையும், 12 க்கு மேலே கட்சியையும் காப்பாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

காசுதான் நோக்கம் என்றால் காசுக் கணக்கே பார்ப்போம். எம்.பி. சம்பளம் 2025 ஏப்ரலில் வருடத்துக்கு 209,800 டொலர், தலைவர் படி அதற்கு மேலே. டிசெம்பரில் போயிருந்தால் இன்னும் நான்கு வருடம் அந்தச் சம்பளம் வந்திருக்கும், பென்சனும் சேர்ந்து வளர்ந்திருக்கும். பொறுத்திருந்ததால் சம்பளம், தலைமை, ஆசனம் மூன்றும் போயின. 2044 இல் வரப்போகும் 45,000 க்காகக் கையில் இருந்த இரண்டு லட்சத்தை விடுகிறவருக்குப் பெயர் பேராசைக்காரர் அல்ல.

"கிறிஸ்மஸுக்கு முன்னம் கடிதம் எழுதினாரே, அதிலும் கணக்குப் பார்த்துத்தானே எழுதினார்" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். டிசெம்பர் 20 கடிதம். அடுத்த அமர்வில் அரசை விழுத்துவோம் என்றார். சபை திரும்பக் கூட இருந்தது ஜனவரி 27, அதிலிருந்து 37 நாள் என்றால் மார்ச். ஆம், அது பெப்ரவரி 25 ஐத் தாண்டுகிறது. மறுக்கவில்லை. ஆனால் டிசெம்பர் 20 இல் சபை ஏற்கெனவே விடுமுறைக்குப் போய்விட்டது, ஜனவரி 27 ஐ அவர் தெரிவு செய்யவில்லை. பிறகு ட்ரூடோ ஜனவரி 6 சபையை மார்ச் 24 வரை ஒத்திவைத்தார், மார்ச் 23 கார்னி தேர்தலை அறிவித்தார். பெப்ரவரி 25 வந்தபோது சிங் வாக்களிக்க ஒரு சபையே இருக்கவில்லை.

பென்சன் நாளை எண்ணுகிறவர் எப்படி நடப்பார் என்றும் யோசியுங்கள். சிங் 2011 இலிருந்து 2017 வரை ஒன்ராறியோ மாகாண உறுப்பினர். மாகாண உறுப்பினர்களின் பழைய ஓய்வூதியத் திட்டத்தை மைக் ஹாரிஸ் அரசு 1995 இலேயே எடுத்துவிட்டது. பென்சன் இல்லாத அந்த வேலையில் ஆறு வருடம் இருந்தார். 2017 ஒக்ரோபரில் தேசியத் தலைவர் ஆனார். அந்த டிசெம்பர் 11 எங்கள் ஸ்காபரோ அஜின்கோர்ட்டிலேயே இடைத்தேர்தல் வந்தது. அதில் நின்று வென்றிருந்தால் 2023 டிசெம்பரில் ஆறு வருடம் முடிந்திருக்கும், இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. அவர் நிற்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக ஆசனம் இல்லாத தலைவராக இருந்து, அதற்காகவும் திட்டு வாங்கினார்.

அப்படியென்றால் ஏன் டிசெம்பரில் விழுத்தவில்லை? பயம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கொன்சர்வேட்டிவ் இருபது புள்ளி முன்னே நின்ற காலம் அது. அதன் தலைவர் பொய்லிவ் பெரும்பான்மையோடு வந்தால், உடன்பாட்டில் கிடைத்த பல் வைத்தியத் திட்டமும் மருந்துத் திட்டமும் போய்விடும் என்ற பயம். பிரச்சாரத்தின் கடைசி வாரத்தில் அவரே கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். அது தவறான கணிப்பு என்று வாதாடலாம். செப்ரெம்பரில் முறித்துக்கொண்டேன் என்று வீடியோ போட்டுவிட்டு டிசெம்பரில் காப்பாற்றியது சனத்துக்குப் புரியவில்லை, அதுதான் அவருடைய பெரிய பிழை என்பேன். முறித்ததும் அரைகுறை, தாங்கியதும் அரைகுறை. இதையெல்லாம் எழுத உங்களுக்கு யார் தடை?

நான் அந்தக் கட்சி உறுப்பினர் இல்லை. கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லிவிட்டேன். பொய்லிவுக்கும் பென்சன் இருக்கிறது. 2004 இல் 25 வயதில் எம்.பி. ஆனவர், 31 வயதிலேயே தகுதி பெற்றுவிட்டார். இந்தத் தேர்தலில் அவரும் தன் கார்ல்ட்டன் தொகுதியில் தோற்றார். அவருடைய பென்சனை வைத்து யாராவது படம் செய்தீர்களா? செய்யச் சொல்லவில்லை, இருபது வருடம் உழைத்தவருக்கு அது உரியது. ஒருவருக்கு உரிமை, மற்றவருக்குத் திருட்டு என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இனம், தலைப்பாகை எல்லாம் இழுக்காதே, இது வெறும் அரசியல்" என்பீர்கள். 2019 பிரச்சாரத்தில் மொன்றியல் சந்தையில் ஒருவர் அவர் காதருகில் வந்து தலைப்பாகையை வெட்டிவிடு, கனடியன் மாதிரித் தெரிவாய் என்று சொன்ன வீடியோவை நாங்கள் எல்லோரும்தான் பகிர்ந்தோம், அவர் நிதானமாகப் பதில் சொன்னதற்குக் கைதட்டினோம். 2022 இல் பீற்றர்பரோவில் துரோகி என்று கத்தி அவர் காரைச் சூழ்ந்தார்கள். 2024 செப்ரெம்பரில் நாடாளுமன்ற வாசலில் ஊழல்காரன் என்று ஒருவர் முதுகுக்குப் பின்னால் சொன்னார், சிங் திரும்பிப் போய் யார் சொன்னது என்று கேட்டார். காசுக்கு விலைபோனவன் என்ற கதை படங்களில் மட்டும் தங்கவில்லை, தெருவுக்கும் வந்தது. பென்சன் விமர்சனம் எல்லாமே இனவாதம் என்று நான் சொல்லமாட்டேன், வரி கட்டுகிறவர் கேட்கலாம். ஆனால் ரோலெக்ஸ் கைக்கடிகாரம், மஸெராட்டி கார், பென்சன் என்று ஒரு மனிதரைக் காசோடு மட்டுமே கட்டிவைத்துப் பேசும்போது அதில் எங்களுக்குத் தெரிந்த வாடை இருக்கிறது. நாங்கள் ஊரிலும் இங்கேயும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். 2011 இல் இதே கட்சிதான் ராதிகா சிற்சபைஈசனை ஸ்காபரோவிலிருந்து முதல் தமிழ் எம்.பி.யாக ஒட்டாவாவுக்கு அனுப்பியது. நாளை ஒரு தமிழ் வேட்பாளர் மேலும் இதே எழுத்து ஒட்டப்படும், அப்போது திகதியைச் சரிபாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டு நிற்பதும் நாங்களாகத்தான் இருப்போம்.

எனக்கு வலிக்கிற இடம் இன்னொன்று. அந்தப் படத்தை அனுப்பியவர்களில் சிலரின் அம்மா அப்பா பல்லுக் கட்டியது 2024 மே மாதம் சேவை தொடங்கிய பல் வைத்தியத் திட்டத்தில். அது அந்த உடன்பாட்டில் என்.டி.பி. நிபந்தனை வைத்து வாங்கியது. நீரிழிவு மருந்துக்கான சட்டம் 2024 ஒக்ரோபர் 10 நிறைவேறியது, அதுவும் அதில் வந்தது. 2025 மே வரை ஒன்ராறியோ கையெழுத்திடவில்லை, அதனால் எங்கள் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அதைப் பற்றி ஒன்ராறியோ சட்டமன்றமான குயின்ஸ் பார்க்கில் கேட்க வேண்டிய நேரத்தில் நாங்கள் 2044 இல் ஒருவருக்கு வரப்போகும் 45,000 ஐ எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பல் வைத்தியத் திட்டம் 2025 மே மாதம் 18 இலிருந்து 64 வயது வரையானவர்களுக்கும் திறந்தது. 55 முதல் 64 வரையானவர்களுக்கு மே 1 இல் தொடங்கியது, 18 முதல் 34 வரை மே 15, 35 முதல் 54 வரை மே 29. குடும்ப நிகர வருமானம் 90,000 டொலருக்குக் கீழே இருக்க வேண்டும், வேலையிடத்துப் பல் காப்புறுதி இருக்கக்கூடாது, வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும். 70,000 க்குக் கீழென்றால் திட்டக் கட்டணத்தில் உங்கள் பங்கு இல்லை, 70 இலிருந்து 80 ஆயிரத்துக்குள் 40 வீதம், 80 இலிருந்து 90 க்குள் 60 வீதம். வைத்தியர் திட்டக் கட்டணத்துக்கு மேலே கேட்டால் அந்த வித்தியாசம் உங்களுடையது, கதிரையில் ஏறுவதற்கு முன்னம் கேட்டுக்கொள்ளுங்கள். படத்தை அனுப்பின அதே குழுக்களுக்கு இதையும் அனுப்புங்கள்.