22 விநாடி

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை ஒருவர் அதே வீடியோவை ‘செம காமெடி சார்’ என்று எனக்கே அனுப்பிவிட்டார். இனி எழுதாவிட்டால் சோறு இறங்காது.

இரண்டு நாளாக வாத்தியார்கள் போனிலெல்லாம் சுற்றுகிற அந்த வீடியோதான். ஸ்மார்ட் போர்டில் மார்க்கர் பேனாவால் கணக்குப் போடுகிற டீச்சர், பின்னால் சிரிப்புச் சத்தம். மொத்தம் 22 விநாடி. ‘டீச்சர், பேனா வேண்டாம், விரலாலேயே எழுதலாம்’ என்று சொல்ல 3 விநாடி போதும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மீதி 19 விநாடி நன்றாகச் சிரித்திருக்கலாமே.

சிரித்தவர்களில் வெளியாள் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் வாத்தியார்கள். தப்பாகப் போடுகிற பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்தால் அதட்டி உட்கார வைக்கிறவர்கள்.

எங்கள் பள்ளியில் மாணவர் விவரம் ஏற்றுகிற எமிஸ் தளம் திறக்கவில்லையா, புரொஜெக்டரில் படம் தலைகீழாக விழுகிறதா, கூப்பிடு அவனை. யாராவது பார்வைக்கு வந்தால் ‘இவர்தான் எங்கள் டெக்னீஷியன்’ என்று ஹெச்.எம். அறிமுகம் செய்வார். நான் எம்.எஸ்சி. கணிதம், பி.எட். அது கிடக்கட்டும்.

2018-ல் புதுப் பாடப்புத்தகம் கியூஆர் கோடோடு வந்தபோது எனக்கும் இதே அவசரப்புத்திதான். பெரிய டீச்சர் போனை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருப்பார். ‘கொடுங்க டீச்சர்’ என்று வாங்கி, நானே ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்துவிடுவேன். பெரிய உதவி செய்வதாக நினைப்பு. ஒரு வருஷம் ஆகியும் அவருக்கு ஸ்கேன் செய்யத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் விரலைப் படவே விடவில்லையே நான். அப்புறம்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கப் பழகினேன். உள்ளதிலேயே கஷ்டமான வேலை அதுதான், கை பரபரக்கும்.

ஒருநாள் அவர் தொடத் தொட போன் அசையவே இல்லை. பழைய போன், அதான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் மாவு. ஈரத் துணியில் துடைத்துவிட்டுத் தொட்டதும் திறந்துவிட்டது. ‘போன் நல்ல போன்தான் தம்பி’ என்றார். மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து எழுத ஆரம்பித்தார். ‘அம்புக்குறியை அமுக்கவும். வட்டமாகச் சுற்றும். பயப்படாமல் பொறுக்கவும்.’

வீடியோவில் இருப்பவரும் இவர்தான். அதை எடுத்த அன்று நான் லீவு.

‘சம்பளம் வாங்குகிறார்கள், கற்றுக்கொள்வது கடமை இல்லையா’ என்று கேட்பீர்கள். கடமைதான், யார் இல்லை என்றது? ஆனால் போர்டை மாட்ட வந்தவர் அரை மணி நேரம் காட்டிவிட்டு அடுத்த பள்ளிக்கு வண்டியேறிவிட்டார். ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்ததும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடிவிடுகிறதா? கடைமடைக்கு வரும்போது வரும். பயிற்சியும் அப்படித்தான், முறை வைத்து, சொட்டுச் சொட்டாக. வந்ததை நோட்டில் தேக்கி வைத்தவரைத்தான் நீங்கள் படம் பிடித்தீர்கள்.

‘ஜாலிக்குப் போட்டது’ என்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எடுத்தவர் யாரென்றும் தெரியும். அவருடைய வீட்டுக்கடன் விண்ணப்பத்தை ஆன்லைனில் ஏற்ற இரவு 11 மணி வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். மூன்று முறை ஓடிபி தப்பாகப் போட்டார். அன்று நான் வீடியோ எடுக்கவில்லை.

அதே 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. என் லேப்டாப் வெறும் பலகை. பள்ளி திறந்ததும் இந்த டீச்சர் வீட்டிலிருந்து படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று அளக்கிற பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்தார். விழாமல் நின்ற ஒற்றை வேப்பமரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்து, மணலை அள்ளி அள்ளி ஊற்றிப் பின்னம் நடத்தினார். இரண்டு உழக்கு ஓர் உரி, அரை. நாலு உழக்கு ஒரு படி, முழுசு. அன்று பின்னம் புரிந்த பிள்ளைகளில் ஒருவன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான். அதை ஏன் யாரும் 22 விநாடி எடுக்கவில்லை? சரி, அன்று யார் போனிலும் சார்ஜ் இல்லை.

போர்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படித் திரித்துப் பேச இரண்டு பேர் வருவார்கள், தெரியும். போர்டு வேண்டும். தொட்டால் சிரித்துவிடுவார்களோ என்கிற பயம் வேண்டாம். அந்தப் பயத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால் நான் இன்னும் நாலு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் இறக்க முடியாது.

இன்று மதியம் அவர் வகுப்புக்குப் போனேன். போர்டின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார். ‘தூசி படியுது தம்பி’ என்றார். நோட்டு எங்கே டீச்சர் என்று கேட்டேன். பீரோவில் இருக்கிறதாம். சாவியை அவரும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை.