எந்த 1,000 சதுர அடி?

'புரோக்கர் வேண்டாம், ஓனர் நேரடி விற்பனை, மடிப்பாக்கம், ஃபிளாட், 1,000 சதுர அடி, 80 லட்சம்' என்று விளம்பரம். எந்த 1,000? அதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா பங்கெல்லாம் சேர்த்த 'சூப்பர் பில்டப்' கணக்கு அது. உள்ளே டேப் பிடித்தால் 720 வந்தது என்று வையுங்கள், சதுர அடி விலை 8,000 இல்லை, 11,111. கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்குகிற இடம், என்றால் என்னவென்று 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே (ரெரா) வரையறுத்துவிட்டது, இன்னும் இப்படித்தான்.

அதைவிட எரிச்சல் யூடிஎஸ், அதாவது மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு. போனில் கேட்டால் 'பத்திரத்துல இருக்கும் சார்'. பத்திர நகல் கேட்டால் 'அட்வான்ஸ் போடுங்க, தரேன்'. பழைய பில்டிங்கில் காசே அந்த மண்ணுக்குத்தானே! நகலைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சொத்து விவரத்தில் மொத்த மனையும் இருக்கும், உங்கள் பங்கும் இருக்கும். 2,400 சதுர அடி மனையில் ஒரே அளவில் ஆறு வீடு என்றால் ஆளுக்கு 400. பத்திரத்தில் 250தான் என்றால் மீதி யாரிடம்? பில்டர் பிடித்து வைத்து, மொட்டைமாடியில் அனுமதி இல்லாமல் கட்டிய வீட்டுக்கு எழுதிக்கொடுத்திருக்கலாம். அப்ரூவ்டு பிளானில் வீடுகளை எண்ணுங்கள். வில்லங்கச் சான்றும் ஃபிளாட் எண்ணோடு நிற்காமல் மனையின் சர்வே எண்ணுக்கே போடுங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு போனது என்று தெரியும்.

கார்ப்பெட், சூப்பர் பில்டப், யூடிஎஸ். பத்திரமும் பிளானும் கையில் இருக்கிற ஓனருக்கு இந்த மூன்று எண்ணை எழுத ரெண்டு நிமிஷம். எழுதாததால் வாங்குகிறவர்கள் ஞாயிறுதோறும் தாம்பரத்துக்கும் அம்பத்தூருக்கும் அலைகிறார்கள்.