மாட்டுகிறதே, பிறகென்ன!

‘மவுண்ட் பொருந்துகிறது அல்லவா அண்ணே, பிறகென்ன?’ என்று கேட்கிறார், வாடகைக்கு லென்ஸ் விடும் மகராசன். மவுண்ட் என்றால் லென்ஸைக் கேமராவில் பூட்டும் வளையம். பொருந்துகிறதாம்! என் காலுக்குத் தம்பி மகனின் செருப்பும்தான் பொருந்தும், பாதிக் குதிகால் வெளியே கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டு விடியற்காலை முகூர்த்தத்துக்குப் படமெடுக்கப் போய் நிற்கச் சொல்வார் போலிருக்கிறது.

நான் கேட்டது டாம்ரான் 28-75, அதாவது குவியத்தூரம் 28 முதல் 75 மில்லிமீட்டர் வரை மாறும் ஜூம் லென்ஸ்; எண் சிறிதானால் படத்தில் அகலம் அதிகம். முன்பணம் கட்டும்போதே ‘ஃபுல் ஃபிரேம் பாடி, ஃபுல் ஃபிரேம் லென்ஸ்’ என்று சொல்லி, வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பியிருந்தேன். பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கும் சென்சார் பெரியது என்றால் ஃபுல் ஃபிரேம், சிறியது என்றால் கிராப். முந்தின நாள் மாலை பார்சலைப் பிரித்தால் உள்ளே 17-70. வெளிச்சம் விடும் அளவும் அதே எஃப் 2.8, அதுவும் கறுப்பு, அதன் மூடியும் அதே 67 மில்லிமீட்டர். பெயரில் ஓர் ‘ஏ’ கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ‘ஏ’ ஒன்றுதான், இது கிராப் சென்சாருக்கான லென்ஸ் என்பதற்குச் சாட்சி. ஜாதகத்தில்கூட இவ்வளவு பொடி எழுத்தில் தோஷத்தை ஒளித்துவைக்க மாட்டார்கள்.

உடனே போன் போட்டேன்.

‘தம்பி, இது கிராப் லென்ஸ்.’

‘உங்கள் கேமராவுக்கு உள்ளதுதான் அண்ணே. மாட்டிப் பாருங்கள்.’

‘மாட்டிவிட்டேன். மாட்டுகிறது. அதுதான் பிரச்சினையே.’

‘மாட்டுகிறது என்றால் என்ன பிரச்சினை?’

‘கேமராவே படத்தின் நடுவை மட்டும் வெட்டி எடுக்கிறது. 24 மெகாபிக்சல் பத்தாகிவிடுகிறது.’

‘கிராப் செய்யாமல் எடுங்கள் அண்ணே. டிசைனர் பார்த்துக்கொள்வார்.’

மெனுவுக்குள் போய்த் தானியங்கி கிராப்பை அணைத்தேன். 17இல் வைத்துப் பார்த்தால் நான்கு மூலையிலும் கறுப்பு அப்பிக்கொண்டு, நடுவில் வட்டமாக ஒரு ஜன்னல். அதையும் படமெடுத்து அனுப்பினேன். ‘ஹூட் மறைக்கிறது அண்ணே, கழற்றுங்கள்’ என்றார். ஹூட் என்கிற அந்த வெயில் மறைப்பே பெட்டியில் இல்லை. அதற்கு வேறு தனியாகச் சண்டை போட வேண்டியிருந்தது. ‘ஃபில்டர் மாட்டியிருப்பீர்கள்.’ மாட்டவில்லை. ‘கேமராவுக்கு அப்டேட் வந்திருக்கும், பாருங்கள்.’ எந்த அப்டேட் வந்து அந்தக் கண்ணாடியை அகலமாக்கும்? 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரின் மூலைவிட்டம் 43 மில்லிமீட்டருக்கும் மேல். இந்த லென்ஸோ ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் மூலைவிட்டமுள்ள சென்சாரை நனைத்தால் போதும் என்று செய்யப்பட்டது. விழாத வெளிச்சத்தை எந்த மென்பொருள் கொண்டுவந்து ஊற்றும்?

கடைசியில் ஒரு பிரம்மாஸ்திரம் விட்டார்: ‘நீங்கள் கேட்டது 28இல் தொடங்குவது, இது 17இல் தொடங்குகிறது. அகலம் அதிகம். அதே வாடகைக்குத்தான் தருகிறேன்.’

சலுகை செய்திருக்கிறாராம். கிராப் என்றால் ஓரங்கள் வெட்டுப்படும், அதனால் 1.5ஆல் பெருக்கினால் அந்த 17 சுமார் 25ஆகத்தான் தெரியும் என்றேன். அதற்கு அவர், ‘அது ஃபுல் ஃபிரேம் லென்ஸை கிராப் பாடியில் போட்டால்தான் அண்ணே. கிராப் லென்ஸ் என்றால் கம்பெனியே பெருக்கித்தான் எழுதியிருப்பான்’ என்கிறார். இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இந்தப் புளுகை எத்தனை கடைகளில் கேட்டாயிற்று! குவியத்தூரம் லென்ஸுக்குச் சொந்தமானது. எந்தப் பாடிக்காகச் செய்தாலும் 17 என்றால் 17, 50 என்றால் 50. மாறுவது சென்சார் எவ்வளவு வெட்டி எடுக்கிறது என்பது மட்டும்தான். கிராப் பாடியில் வரும் 18-55ஐயும் பெருக்கியே தீர வேண்டும். அது நிக்கானில் சுமார் 27-82 போலப் பார்க்கும், கேனானில் 1.6ஆல் பெருக்கி 29-88. யாரும் உனக்காகப் பெருக்கிவைத்துவிட்டுப் போகவில்லை, ஐயா!

பத்து மெகாபிக்சல் போதாதா என்று சிலர் கிளம்பி வருவீர்கள். மொபைலில் பார்க்கத் தாராளமாகப் போதும். ஆனால் பெண் வீட்டார் கேட்பது 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டில், இரு பக்கமும் நிறையும்படி, மொத்தச் சொந்தமும் நிற்கும் குரூப் போட்டோ. அகலத்தில் 6000 புள்ளிகள் இருந்த இடத்தில் 3936தான் மிச்சம். 36 அங்குலத்துக்கு வகுத்துப் பாருங்கள், அங்குலத்துக்கு 110 புள்ளிகூடத் தேறாது. ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் மூக்கு எது, மீசை எது என்று அவர் மனைவிக்கே சந்தேகம் வந்துவிடும்.

கடைக்காரரை மட்டும் சொல்லி என்ன பயன்? இந்த எழுத்துப் புதிர்களைப் போட்டவர்கள் யார்? சிக்மாவில் டிஜி என்றால் ஃபுல் ஃபிரேம், டிசி என்றால் கிராப். டாம்ரானில் டிஐ ஃபுல் ஃபிரேம், டிஐ டூ கிராப், டிஐ த்ரீ என்றால் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு, அதன் வாலில் ஏ சேர்ந்தால் மறுபடியும் கிராப். நிக்கானில் டிஎக்ஸ் கிராப், எஃப்எக்ஸ் பெரியது. சோனியில் மவுண்டின் பெயரும் ஈ, கிராப் லென்ஸின் பெயரும் ஈ, எஃப்ஈ என்றிருந்தால்தான் ஃபுல் ஃபிரேம். ‘ஈ மவுண்ட் லென்ஸ்’ என்று விளம்பரம் போடுபவர் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. பெட்டியின் மேல் ‘சின்ன சென்சாருக்கு மட்டும்’ என்று அச்சடித்தால் குடியா முழுகிவிடும்?

இந்த விஷயத்தில் கேனானின் பழைய முரட்டுத்தனத்தை நான் மதிக்கிறேன். 2003இல் 300டி கேமராவோடு வந்த இஎஃப்-எஸ் என்ற கிராப் லென்ஸை ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டவே முடியாது. லென்ஸில் வெள்ளைச் சதுரக் குறி இருந்தால் கிராப் ஜாதி, சிவப்புப் புள்ளி இருந்தால் ஃபுல் ஃபிரேம் ஜாதி. உனக்கு இங்கே இடமில்லை என்று வாசலிலேயே முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். அந்த மரியாதையும் போய்விட்டது. இப்போது அதே கேனானின் ஆர்எஃப்-எஸ் என்ற மிரர்லெஸ் கிராப் லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேம் பாடியிலும் ஜோராக உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே படத்தை வெட்டுகின்றன.

முகூர்த்தத்தை என்னிடமிருந்த, ஜூம் ஆகாத 50 மில்லிமீட்டர் லென்ஸை வைத்தே ஒப்பேற்றினேன். மணமேடையிலிருந்து பின்வாங்கிப் பின்வாங்கி நாதஸ்வரக்காரர் மடியில் உட்காராததுதான் குறை. லென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது முழு வாடகையும் பிடித்துக்கொண்டார்கள். கேட்டால், பார்சலைப் பிரித்துவிட்டேனாம். பிரிக்காமல் எக்ஸ்ரேயா எடுப்பேன்? சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய.

அதுகூடப் பரவாயில்லை. போட்டோகிராபர் என்றால் கடைசிப் பந்திதான் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? மூன்றரை மணிக்கு இலையில் உட்கார்ந்தால் வடை தீர்ந்துவிட்டது, பாயசம் தீர்ந்துவிட்டது, ரசம் மட்டும் அண்டா நிறைய இருக்கிறது என்கிறார்கள். சரி, ரசமாவது ஊற்றுங்கள் என்று கையைக் குவித்தால், மாப்பிள்ளையின் மாமா ஓடி வருகிறார், ‘தம்பி, எங்கள் பக்கத்துக் குரூப் போட்டோ இன்னும் எடுக்கவே இல்லையே!’