அமெரிக்க இன்ஜின் போட்டால் தீட்டா?

இத்தாலிய பாடிக்குள் அமெரிக்க வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின், என்றாலே முகம் சுளிக்கிற கார் ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். லாரி இன்ஜினுக்குக் கோட் சூட் மாட்டிய மாதிரி என்பார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கார்களில் உருப்படியான விஷயமே அந்த இன்ஜின்தான்.

ஜென்சன் இன்டர்செப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1966ல் வந்த இங்கிலாந்து கார், வரைந்தது இத்தாலியின் டூரிங் கம்பெனி, முதல் பாடிகளைக் கட்டியது இன்னொரு இத்தாலிய கம்பெனியான விக்னாலே, பானெட்டுக்குள் அமெரிக்க கிரைஸ்லர் கம்பெனியின் 383 கன அங்குல வி8, அதாவது 6.3 லிட்டர். 1968ல் பிளிமத் ரோட் ரன்னர் என்று மலிவு விலையில் வந்த மஸில் காரிலும் (பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க வேகக் கார்) இதே 383தான். அமைப்பும் எளிது: வால்வுகளைத் திறக்க பிளாக்குக்குள் ஒரே கேம்ஷாஃப்ட், அதன் அசைவை வால்வுக்குக் கொண்டுபோக புஷ்ராடு, எல்லாம் வார்ப்பிரும்பு. ரிப்பேர் என்றால் கம்பெனிக்கே ஓட வேண்டியதில்லை, அமெரிக்க வண்டி தெரிந்த மெக்கானிக் யாராக இருந்தாலும் கை வைக்கலாம். அதே காலத்து ஃபெராரி வி12 வைத்திருப்பவரிடம் சர்வீஸ் பில் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்.

ஃபோர்டின் மஸ்டாங்குக்கே இத்தாலிய பாடி போட்டதும் உண்டு. பெர்டோனே என்ற இத்தாலிய பாடி கம்பெனியில் இருந்தபோது கார் டிசைனர் ஜூஜியாரோ வரைந்தது, 1965 நியூயார்க் கார் ஷோவில் வைத்தார்கள். அழகான வண்டி. ஆனால் ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள், அதுவும் அப்புறம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

சரி, சொந்த இன்ஜின்தான் கௌரவம் என்பவர்களுக்கு ஃபேசல் வேகா கதை. பிரான்ஸில் ஜான் தானினோஸ் நடத்திய கம்பெனி, கிரைஸ்லர் வி8 போட்டுப் பணக்காரர்களுக்குக் கார் கட்டியது. டாஷ்போர்டைப் பார்த்தால் வால்நட் மரம், விரலால் தட்டினால் தகரம். தகட்டின் மேல் கையாலேயே மரவரி தீட்டியிருப்பார்கள். அதைப் போலி என்று யாரும் குறை சொல்வதில்லை, இன்ஜின் மட்டும் உறுத்துகிறதாம்! அந்த இன்ஜினால் கம்பெனிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. 1960ல் ஃபேசலியா என்ற சின்ன கார் கொண்டுவந்தார்கள், அதற்குப் பிரான்ஸிலேயே செய்த 1.6 லிட்டர் இன்ஜின், இரட்டை கேம்ஷாஃப்ட் எல்லாம் உண்டு. பிஸ்டன்கள் கருகின, வாரண்டிக்குப் பதில் சொல்லியே கம்பெனி கடனில் மூழ்கியது. கடைசியில் வால்வோவிடம் இன்ஜின் வாங்கி ஃபேசல் 3 என்று விட்டார்கள். 1964ல் கடையை மூடிவிட்டார்கள்.